பெண் பார்ப்பதும் பெண்ணைக் காட்டுவதும்

 

நிகாஹ் என்பது நம் நாயகம் (ஸல்) அவர்களின் சுன்னத்து. அந்தப் புனிதமான காரியம் இன்று தொலைக்காட்சியில் போட்டி விளையாட்டாகிவிட்டது. 2018ஆம் ஆண்டு கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியில் 'எங்க வீட்டு மாப்பிள்ளை' என்றொரு நிகழ்ச்சி நடந்தது. நடிகர் ஆர்யாவுக்கு மணமகள் தேடுவதாகச் சொல்லி 16 பெண்களைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். நம் கும்பகோணத்திலிருந்தும் ஒரு பெண் போயிருந்தார். ஒவ்வொருவராகக் கழித்து, கடைசியில் மூவரை நிறுத்தினார்கள். ஏப்ரல் மாதம் இறுதி நாளில் அந்த மூவரில் எவரையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவரைத் தேர்ந்தால் மற்றவர் மனம் நோகும் என்று காரணம் சொல்லப்பட்டது. 16 பேர் மனமும் நோகுமே என்ற எண்ணம் தொடக்கத்திலேயே எவருக்கும் வரவில்லை.

தனி மனிதர் ஒருவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அமெரிக்காவில் 2002இல் 'தி பேச்சிலர்' என்ற பெயரில் தொடங்கி உலகெங்கும் பரவிய முறை இது. அந்த முறையைத்தான் நாம் பார்க்க வேண்டும். இத்தகைய நிகழ்ச்சிகளில் பல நாள் படம் பிடித்ததை வெட்டி, ஒட்டி, ஒரு மணி நேரமாகச் சுருக்குகிறார்கள். சிரித்ததை நீக்கிவிட்டு அழுததை வைத்தால் அவள் அழுமூஞ்சி. ஒரு கடுஞ்சொல்லை மட்டும் வைத்தால் அவள் சண்டைக்காரி. வாய் திறக்காதவள் அடக்கமானவள். உயிருள்ள ஒரு பெண்ணை இப்படி ஒரே சொல்லில் அடைத்து விற்கிறார்கள். அவளது கண்ணீர் ஊருக்கே தெரிகிறது. ஆனால் அந்த ஆணின் உள்ளத்தில் இருப்பது அவளுக்குத் தெரிவதில்லை. மறைக்க வேண்டியதைக் காட்டுகிறார்கள். காட்ட வேண்டியதை மறைக்கிறார்கள்.

நம் மார்க்கம் இதற்கு நேர்மாறானது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) ஆகிய இருவர் பெண் கேட்டார்கள். அந்த அம்மையார் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் பொருள் வசதியற்றவர் என்றும் மற்றவர் பெண்களிடம் கடுமை காட்டுபவர் என்றும் ஒளிக்காமல் எடுத்துரைத்து, உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு யோசனை கூறினார்கள். திருமண ஆலோசனையில் உள்ள குறையை உள்ளபடி சொல்வது புறம் பேசுவதாகாது என்று உலமாக்கள் இதிலிருந்து விளக்கம் தந்துள்ளனர். ஏன்? உண்மையை அறிவது பெண்ணின் உரிமை. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களைத் தந்தை விருப்பமின்றி மணமுடித்து வைத்தபோது, அந்த நிகாஹையே நாயகம் (ஸல்) அவர்கள் செல்லாததாக்கினார்கள். மறுப்பதும் பெண்ணின் உரிமை.

தொலைக்காட்சிக்காரர்களைத் திட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியுமா? இஷாவுக்குப் பிறகு குடும்பத்தோடு அமர்ந்து, "இவள் நடிக்கிறாள், அவள் தேறமாட்டாள்" என்று தீர்ப்புச் சொன்ன வீடுகள் நம்மிடையே இல்லையா? பரிகாசம் செய்வதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் புறம் பேசுவதையும் அல்லாஹு தஆலா ஸூரத்துல் ஹுஜுராத்தில் தடுத்திருக்கிறான். பேசப்படும் பெண் திரையில் இருந்தால் அந்தத் தடை நீங்கிவிடுமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் பிள்ளை வருகிறான். அய்யம்பேட்டையில் ஒரு வீடு, இராஜகிரியில் ஒரு வீடு, கூத்தாநல்லூரில் ஒரு வீடு என்று பெண் பார்க்கப் புறப்படுகிறோம். வட்டிலப்பம் உண்டு, நிறம் பார்த்து, உயரம் பார்த்து, "சொல்லி அனுப்புகிறோம்" என்று எழுந்து வருகிறோம். பிறகு சொல்லி அனுப்புவதேயில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பும்போது நம் விவசாயி எவ்வளவு வேதனைப்படுகிறான்! அந்த நெல்லைக் காயவைத்து மறுநாள் எடுத்துச் செல்லலாம். ஐந்து முறை திருப்பப்பட்ட பெண்ணின் மனத்தை எந்த வெயிலில் காயவைப்பது? அங்கே கேமரா உண்டு, இங்கே இல்லை. வேறு என்ன வித்தியாசம்?

மணக்கப் போகும் பெண்ணைப் பார்த்துக்கொள்ள மார்க்கம் அனுமதித்திருப்பது உண்மையே. அது முடிவு செய்வதற்கான அனுமதி, வேடிக்கைக்கன்று. ஆகவே முதலில் நம்பகமான பெண்கள் மூலம் விசாரியுங்கள். மனம் பெரும்பாலும் இசைந்த பிறகே அந்த வீட்டுப் படியேறுங்கள். பிள்ளையின் வேலை, வருமானம், உடல்நலம் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். பெண் கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். வேண்டாம் என்றால் ஓரிரு நாளில் கண்ணியமாகத் தெரிவித்துவிடுங்கள். அந்த வீட்டில் கண்டதையும் கேட்டதையும் அமானிதமாகக் காத்து, வெளியே பேசாதிருங்கள்.

நம் வீட்டுப் பெண்ணுக்கு எந்தக் கண்ணியத்தை விரும்புகிறோமோ, அதையே அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் விரும்பும் ஈமானை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.