மூன்றாம் பங்கு

வட புளோரிடா. சாண்டா ஃபே ஆற்றங்கரை. ஜின்னி ஸ்பிரிங்ஸ்.

ஆறு டிகாஷன் நிறத்தில் ஓடுகிறது. இலையும் வேரும் ஊறிய நீர். ஊற்று வந்து கலக்கும் இடத்தில் ஒரு கோடு தெரிகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம், அடிமணல் வரை வெளிச்சம்.

*

மர மேசையின் விளிம்பில் இரண்டு எஃகுச் சிலிண்டர்கள். எஃகு வளையங்கள் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. உச்சியில் குறுக்கே, இரண்டையும் இணைக்கும் மேனிஃபோல்டு. பக்கத்துக்கு ஒரு வால்வு. நடுவில் இன்னொன்று.

பட்டைக்குள் தோளை நுழைக்கிறேன். இடுப்பை இறுக்குகிறேன்.

மொத்தம் 40 கிலோவுக்குப் பக்கம்.

எழுந்ததை முதலில் முழங்கால் அறிகிறது. பிறகு குதிகால். நெஞ்சு கொஞ்சம் முன்னே சாய்ந்து தனக்கான இடத்தைத் தேடிக்கொள்கிறது.

படிகள். முழுப் பாதமும் பதிந்த பிறகே அடுத்த படி.

*

நீர் இடுப்புக்கு வருகிறது. மார்புக்கு வருகிறது. எடை இறங்கிவிடுகிறது. பருமன் மட்டும் முதுகில் தங்குகிறது.

22 டிகிரி. கோடையிலும் குளிரிலும் இதே வெப்பம். கழுத்து வழியே நீர் ஒரு கோடாக முதுகெலும்பில் இறங்குகிறது. உடல் ஒருமுறை சிலிர்க்கிறது. அந்த நீரைத் தன் சூட்டுக்குக் கொண்டுவருகிறது.

*

ஒற்றைச் சிலிண்டருக்குப் பழகிய முதுகு. கனம் முதுகெலும்பின் மேல்தான் இருக்கும் என்று அதற்குப் பழக்கம். இப்போது அங்கே எதுவும் இல்லை. கனம் இருபக்கமும் விலகி இருக்கிறது.

உதைக்கிறேன். நகர்வு சற்றுப் பொறுத்து வருகிறது.

உதையை நிறுத்துகிறேன். நிற்பதும் பொறுத்துத்தான் வருகிறது.

மூச்சை இழுக்கிறேன். முன்பெல்லாம் இழுத்த மாத்திரத்தில் உடல் உயரும். இப்போது நெஞ்சு நிறைந்து, ஒரு கணம் கழித்து, மெல்ல உயர்கிறது. அதற்குள் விடத் தொடங்கியிருக்க வேண்டும்.

அவசரம் உள்ள நாளில் இந்த இடைவெளி தொல்லை. இன்று இது போதுமான நேரம்.

*

தலை தாழ்கிறது. வால்வுகள், மேனிஃபோல்டு, ரெகுலேட்டர்களின் உலோகம் எல்லாம் பிடரிப் பக்கம் இருக்கின்றன.

காலை நீட்டுகிறேன். தலை கொஞ்சம் எழுகிறது. மடக்குகிறேன். மறுபடி தாழ்கிறது.

கரையேறுகிறேன். வளையங்களைத் தளர்த்திச் சிலிண்டர்களை இரண்டு விரற்கடை கீழே இறக்குகிறேன். மறுபடி இறுக்குகிறேன். மறுபடி நீர்.

கையைக் கோத்துக்கொள்கிறேன். ஃபின் அசையவில்லை. உடல் கிடைமட்டமாக நிற்கிறது. பிடித்து நிறுத்த வேண்டியதில்லை.

ஓர் ஆமை முகத்துக்கு நேரே வந்து, திரும்பி, புல்லுக்குள் போகிறது.

*

கீழே பால்ரூம். சுண்ணாம்புக்கல் கூடம். 15 மீட்டர் ஆழம் வரை கூரை சரிந்து இறங்குகிறது. கடைசியில் இரும்புக் கிராதி. அதற்கப்பால் குகை. உள்ளே யாரும் போகாதபடி அடைத்திருக்கிறார்கள்.

ஊற்று கிராதி வழியே வருகிறது. கம்பியைப் பிடித்தால் கால்கள் பின்னே நீள்கின்றன. முகக்கண்ணாடி லேசாக நடுங்குகிறது. காது முழுக்க நீரின் இரைச்சல்.

எங்கோ பெய்து மண்ணில் இறங்கிய மழை.

கையை விடுகிறேன்.

*

வலக்கை பின்னால் போகிறது. முழங்கை காதை ஒட்டி வருகிறது. தோள் மறுக்கிறது. மறுப்பு இருக்கட்டும். மூச்சை விடும்போது ஓர் அங்குலம் இளகுகிறது. அந்த அங்குலம் போதும்.

விரல் நுனியில் ரப்பர்க் குமிழ். மூடும் பக்கம் சுழற்றுகிறேன். அது நிற்கிறது.

வாயில் இருப்பதை இழுக்கிறேன். ஒரு மூச்சு வருகிறது. அடுத்தது கனக்கிறது. அதற்கடுத்தது பாதியில் நின்றுவிடுகிறது.

நாக்கில் ரப்பரின் சுவை. வேறொன்றும் இல்லை.

கழுத்தில், தாடைக்குக் கீழே, மீள்கயிற்றில் தொங்கும் இன்னொரு ரெகுலேட்டர். எடுத்து வாயில் வைக்கிறேன். ஊதி நீரை வெளியேற்றுகிறேன். இழுக்கிறேன்.

வருகிறது.

வலது வால்வு அடைபட்டிருக்கிறது. ஆனாலும் வலது சிலிண்டரின் காற்று மேனிஃபோல்டு வழியே இடப்பக்கம் போய், இந்த வாய்க்கு வந்து சேர்கிறது. ஒரு லிட்டர்கூட வீணில்லை. இதை வரைந்தவர்கள் இருட்டை அறிந்தவர்கள்.

எதிரே இருந்த பாறை விளிம்பு இப்போது ஒரு முழம் கீழே இருக்கிறது. கையில் கவனம் போனபோது உடல் உயர்ந்திருக்கிறது. மூச்சை நீளமாக விடுகிறேன். விளிம்பு பழைய இடத்துக்கு வருகிறது. வலது வால்வைத் திறக்கிறேன். பழைய ரெகுலேட்டரை வாயில் வைத்து, மற்றதைக் கழுத்தில் விடுகிறேன்.

*

நடு வால்வு. இதை மூடினால் சிலிண்டர்கள் தனித்தனி. ஒரு பக்கம் முழுவதும் பீய்ச்சிக்கொண்டு போனாலும் மறுபக்கம் தங்கும்.

தொடுகிறேன். மூடுகிறேன். திறக்கிறேன்.

*

இடது வால்வு.

கூரையில் உரசியபடி முன்னே போனால் இடது குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்ளும். வலது குமிழ் திறக்கும் பக்கமே சுழலும். ஆகவே பாறைக்கு அடியில் நுழைந்து வெளிவந்ததும் இடக்கை தானாகப் பின்னே போகிறது. குமிழைத் தொட்டுப் பார்க்கிறது. திரும்பி வருகிறது.

நினைவுக்கு வரும் முன்பே கை போய் வந்துவிடுகிறது, சில சமயம்.

*

ஒவ்வொரு சிலிண்டரும் ஏறக்குறைய 13 லிட்டர். 180 பார். உள்ளே 4,680 லிட்டர் காற்று.

அந்தக் காற்றின் எடை ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

மூச்சு விட விட முதுகு லேசாகிறது. மிதவைப் பையான விங்கிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. குமிழிகள் கூரையில் முட்டி, பாதரச நிறத்தில் பரவி, விளிம்பைத் தேடி நகர்கின்றன.

*

பக்கத்தில் டெவில்ஸ் குகை. அங்கே நீருக்கடியில் ஒரு பலகை. அரிவாள் ஏந்திய எலும்புருவம். பயிற்சி இல்லாதவர்களை இதற்கு மேல் போகாதே என்று தடுக்கிறது.

இந்த மாநிலத்தின் ஊற்றுகளில் பலர் இறந்திருக்கிறார்கள். குகை முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி அந்த இறப்புகளை எடுத்துப் படித்தவர். வெளிவாசல் வரை அறுபடாத வழிக்கயிறு இல்லை. திரும்புவதற்கு மூன்றில் இரண்டு பங்கு காற்றை ஒதுக்கவில்லை. ஆழம் அதிகம். 1979ல் வந்த அவருடைய சிறு நூல் இதைச் சொன்னது. அந்த நூலால் பிழைத்தவர்களை யாரும் எண்ண முடியாது.

எக்ஸ்லி 1994ல் மெக்சிகோவின் ஸகாட்டோனில் இறந்தார்.

*

60 பார் உள்ளே போக.

60 பார் வெளியே வர.

60 பார் தொடாமல்.

மிகத் தொலைவான புள்ளியில் துணைவரின் காற்று முழுவதும் போய்விட்டால், இருவரும் ஒருவரின் சிலிண்டர்களில் திரும்ப வேண்டும். அந்தக் கணக்கில் மூன்றாம் பங்கு அவருடையது.

என் முதுகில் இருப்பதில் என் மூச்சு மூன்றில் இரண்டு.

*

உடன் இறங்கிய துணைவர் தொண்டைக்குக் குறுக்கே கையை அசைக்கிறார். காற்று இல்லை என்கிறார். பயிற்சிதான். நெஞ்சு அதைப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு துடிப்பு கூடுகிறது.

என் வாயில் இருப்பதை எடுத்து அவரிடம் நீட்டுகிறேன். கொடுப்பது இதைத்தான். இதில் காற்று வருகிறது என்பதைச் சற்று முன் என் மூச்சே பார்த்துவிட்டது.

கழுத்தில் தொங்குவதை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் நடுவில் வாய் சும்மா இருக்கிறது.

இரண்டு மீட்டருக்குச் சற்று நீளமான ஹோஸ். குறுகலில் ஒருவர்பின் ஒருவராகப் போக இந்த நீளம் வேண்டும். அது எங்கள் நடுவே வளைந்து மிதக்கிறது. அவர் இழுப்பதும் விடுவதும் கேட்கிறது. என் மூச்சு அவருடையதற்கு ஈடாக மெதுவாகிறது.

*

குளிர் விரல்களுக்கு வந்துவிட்டது.

கூரையின் வாசல் நீலமாக இருக்கிறது. அதன் கீழே நிற்கிறோம்.

அழுத்தமானியின் முள்ளைப் பார்க்கிறேன். 70.

*

கம்ப்ரஸர் கடையில் மீதிக் காற்றை வெளியேற்றுவதில்லை. அதன் மேலேயே 180 வரை நிரப்பித் தருகிறார்கள்.