பயிரையும் காப்போம், உயிரையும் காப்போம்





2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்க வேலிக் கம்பியில் சட்டவிரோதமாகப் பாய்ச்சிய மின்சாரத்தில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் அந்த உடல்களையே சுற்றி வந்தன. செய்தியைப் பார்த்து வருந்தினோம். ஆனால், பல மாத உழைப்பை ஓர் இரவில் அழிக்கும் பிராணியை ஒரு விவசாயி என்னதான் செய்வது?

பயிரைக் காப்பது அவருடைய உரிமை. உயிரையோ பொருளையோ தாக்க வருவது மனிதனானாலும் பிராணியானாலும் தடுக்கலாம் என்று ஃபிக்ஹு நூல்களில் 'ஸாயில்' என்ற பாடத்தில் சட்டம் உண்டு. அங்கேயே இமாம்கள் ஒரு நிபந்தனையும் வைக்கிறார்கள்: இலேசான வழியில்தான் தொடங்க வேண்டும். சத்தம் போட்டால் போதுமென்றால் அடிக்கக் கூடாது. அடித்தால் போதுமென்றால் கொல்லக் கூடாது.

ஒரு நபியை எறும்பு கடித்தது. அவர் எறும்புப் புற்றையே எரிக்கச் சொன்னார். கடித்தது ஒன்றுதானே, தஸ்பீஹ் செய்யும் ஒரு சமுதாயத்தையே அழிப்பதா என்று அல்லாஹ் அவரைக் கண்டித்ததாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்).

இலேசான வழிகள் இன்று இருக்கின்றன. முறையான சோலார் வேலி விட்டுவிட்டுச் சிறு அதிர்ச்சி கொடுத்து விரட்டும், கொல்லாது. மோட்டார் லைனிலிருந்து நேரடியாக இழுத்த கம்பி யானையையும் கொல்லும், வழிதவறி வந்த மனிதனையும் கொல்லும். யானைக்குத் தேனீ என்றால் பயம்; 2021இல் கர்நாடகத்தின் குடகில் தேனீப் பெட்டிகளையே வேலியாக வைத்தார்கள். கோவை மதுக்கரையில் தண்டவாளத்தை யானை நெருங்கினால் கேமராக்கள் கண்டறிந்து எச்சரிக்கும் ஏற்பாடு 2024இல் வந்தது.

ஆனால் பிராணிகளும் பழகிவிடும். அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் பான்வில் அணையருகே, முட்டையிட ஆற்றில் ஏறும் சால்மன் மீன்களைக் கடல் சிங்கங்கள் பிடித்துத் தின்றன. வெடி வெடித்தார்கள், ரப்பர் குண்டு சுட்டார்கள். விரட்டியவை திரும்பி வந்தன. மீன் மட்டும் நுழையும்படி கம்பிக் கதவும் வைத்தார்கள். கடைசியில், 2018இல், அவற்றைக் கொல்லும் அனுமதியைச் சட்டத்தால் விரிவாக்கினார்கள். ஆனால் அணை கட்டி மீன்களை ஓரிடத்தில் தேங்க வைத்தது யார்? மனிதன். யானை நடந்த வழியில் தோட்டமும் கட்டடமும் எழுப்பியதும் மனிதனே.

ஒருவரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் மேய்ந்த வழக்கு குர்ஆனில் வருகிறது (21:78). நிலம் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டுக்காரர் அதைச் சீராக்க வேண்டும்; அதுவரை ஆடுகளின் பலன் நிலத்துக்காரருக்கு. சுலைமான் (அலை) அவர்களின் இந்தத் தீர்ப்பை விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். ஆடும் பிழைத்தது, நிலமும் பிழைத்தது. ஆனால் காட்டு யானைக்கு உரிமையாளர் யார்? யாருமில்லை. அதனால் அந்த நஷ்டம் விவசாயியின் தலையில் மட்டும் விழுகிறது.

நட்ட பயிரைப் பறவையோ பிராணியோ தின்றால் நட்டவருக்கு அது ஸதகா என்ற ஹதீஸ் (புகாரி, முஸ்லிம்) அவருக்கு ஆறுதல். குரோம்பேட்டையில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து அதை அவருக்கு உபதேசித்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது. யானை வாழ வேண்டும் என்று விரும்புகிற நாம் செலவிலும் பங்கெடுக்க வேண்டும். அரசு இழப்பீடு உரிய காலத்தில் கிடைக்கக் குரல் கொடுங்கள். காட்டோரக் கிராமத்தில் சொந்தமோ நண்பரோ இருந்தால் சோலார் வேலிக்கு ஸதகாவாக உதவுங்கள். பயிர் அழிந்து கடனில் மூழ்கிய முஸ்லிம் விவசாயிக்கு ஜகாத்திலும் பங்கிருக்கலாம். ஆலிம்களிடம் கேட்டுக் கொடுங்கள்.

நம் தெரு நாய்களுக்கும் இதே சட்டம்தான். குழந்தைகளைக் காப்பது கடமை. அதற்குக் கருத்தடையும் தடுப்பூசியும் கேட்டு மாநகராட்சியிடம் மனுக் கொடுங்கள். சோற்றில் விஷம் கலப்பது முதல் படியில் காலே வைக்காமல் கடைசிப் படிக்குத் தாவுவது.

யா அல்லாஹ்! எங்கள் உரிமையைக் காக்கும்போதும் இரக்கத்தை இழக்காதவர்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.