தளர்ந்த மனமும் பள்ளியை விடும் முடிவும்

மேல்நிலை வகுப்பில் படிக்கும்போது மனம் தளர்ந்துபோன ஒரு மாணவர் “இனிப் பள்ளிக்குப் போகமாட்டேன்” என்று சொல்லும்போது, வீட்டார் அதைப் பிடிவாதமாகவும் பள்ளி நிர்வாகம் அதை வருகைப் பதிவேட்டின் சிக்கலாகவும் எடுத்துக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் இந்த முடிவின் உண்மையான கடினம், அதை எடுக்க வேண்டிய மனமே அவ்வேளையில் நோயுற்றிருக்கிறது என்பதில்தான் உள்ளது.

மனச்சோர்வு என்று மருத்துவம் குறிப்பிடுவது தேர்வுக்கு முந்தைய கவலையையோ ஒரு நாள் வருத்தத்தையோ அன்று. குறைந்தது இரண்டு வாரங்களாவது பெரும்பாலான நேரம் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் கவனத்தையும் குலைத்து, விருப்பமாயிருந்தவற்றில்கூட நாட்டமில்லாமல் செய்துவிடும் நிலையே அது. வளரிளம் பருவத்தில் அது சோகமாக அல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படுவதால், எதற்கெடுத்தாலும் சீறும் பிள்ளை நோயாளியாக அல்லாமல் அடங்காதவராகவே பார்க்கப்படுகிறார். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், இந்நோயில் ஒருவர் தம்மையும் தம்மைச் சூழ்ந்த உலகையும் தம் எதிர்காலத்தையும் ஒருசேர இருளாகவே காண்கிறார் என்று விளக்கினார். “எனக்குப் படிப்பு வராது, யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை, இனி எதுவும் சரியாகாது” என்று மாணவர் சொல்வது அந்த மூன்று பார்வைகளின் கூட்டு வெளிப்பாடாக இருக்கலாம். அந்தக் கண்ணாடி வழியே பார்த்து எடுக்கும் நிரந்தர முடிவை, நலமடைந்த பின்னர் அவரே ஏற்காமல் போகவும் கூடும்.

அதற்காக, நோய் பேசுகிறது என்று சொல்லி அவர் கூறுவதையெல்லாம் தள்ளிவிடுவது பெருந்தவறு. நோயின் வேர் சில வேளை பள்ளியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய மேல்நிலைக் கல்வி, தொழிற்கல்லூரிகளின் வாசலாக மாறியதிலிருந்து, அந்த இரண்டு ஆண்டுகளின் மீது குடும்பத்தின் மொத்த எதிர்பார்ப்பும் வந்து அமர்ந்துவிட்டது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவைத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைக்கும் பள்ளிகள் பெருகியதால்தான், 2017–18இல் பதினோராம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கமும் 2017இல் கைவிடப்பட்டது. விடியுமுன் எழுப்பி இரவு வரை படிக்கவைக்கும் விடுதியிலோ, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் வகுப்பறையிலோ ஒரு பிள்ளை நொறுங்கினால், அந்த இடத்தை விட்டு விலகுவதே சிகிச்சையின் முதல் படியாக அமையலாம். ஆகவே பிள்ளை விட விரும்புவது அந்தப் பள்ளியையா, அந்த ஆண்டையா, அல்லது படிப்பையேவா என்று பொறுமையாகக் கேட்டறிவது முதல் வேலையாகிறது.

இந்த வேறுபாடு எதுவும் மாற்றுச் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. பேச்சு வழக்கில் டி.சி. எனப்படும் அந்தத் தாளில் அங்க அடையாளங்களுக்கும், மேல்வகுப்புக்கு உயர்வு பெறும் தகுதிக்கும், ஒழுக்கத்திற்கும் பண்பிற்கும், பள்ளியை விட்டு நீங்கிய நாளுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரலாம் என்று எழுத ஓர் இடம் இல்லை. எனவே அதைக் கேட்டு விண்ணப்பிக்கும் முன், மருத்துவச் சான்றுடன் விடுப்பும், இயன்றால் சில காலம் குறைந்த நேர வருகையும் கேட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

விட்டே தீர வேண்டிய நிலையிலும் கல்வியின் கதவு முழுதும் அடைபடுவதில்லை. 1989இல் தொடங்கப்பட்டுப் பின்னர் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கல்வி நிறுவனம் என்று பெயர் பெற்ற அமைப்பில், ஒருமுறை பதிவுசெய்தவர் ஐந்து ஆண்டுகளுக்குள் பாடங்களை ஒவ்வொன்றாகத் தேர்ச்சி பெறலாம். எல்லாத் தேர்வுகளையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லாதது தளர்ந்த மனத்திற்குப் பெரிய விடுதலை. அச்சான்றிதழைச் சேர விரும்பும் கல்லூரி ஏற்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. பத்தாம் வகுப்பை முடித்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையமும் பாலிடெக்னிக்கும் உண்டு. பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழியிருக்கிறது.

ஆயினும் விலகலின் விலை எல்லாருக்கும் ஒன்றன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஓர் இடைவேளை. வறிய வீட்டில் பையனென்றால் கூலி வேலையும், பெண்ணென்றால் வரன் பார்க்கும் பேச்சும் சில மாதங்களிலேயே அந்த இடைவேளையை நிரப்பிவிடுகின்றன. அத்தகைய பெண்ணுக்குப் பள்ளிச் சீருடையே ஒரு காப்பாக இருப்பதையும் கணக்கில் கொள்ளாமல் சொல்லப்படும் எந்த அறிவுரையும் குறையுடையதே. இன்னொரு இடரும் உண்டு: அச்சம் தரும் இடத்தைத் தவிர்க்கும்போது கிடைக்கும் உடனடி நிம்மதி, அந்த அச்சத்தையே வலுப்படுத்துவதால், வாரங்கள் கூடக்கூடத் திரும்பிச் செல்வது கடினமாகிறது. உறங்கும் நேரமும் உணவு நேரமும் நண்பர் தொடர்பும் காக்கப்படாத விடுப்பு ஓய்வாக அமைவதில்லை.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்திருந்தால், பள்ளி பற்றிய பேச்சை முழுவதும் ஒதுக்கிவைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். அத்தகைய எண்ணம் இல்லாத பிள்ளைகளுக்கு மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இருக்கிறது. மனச்சோர்வுக்கான மருந்து பலன் காட்டச் சில வாரங்களும், பேச்சுவழிச் சிகிச்சைக்கு அதைவிடக் கூடுதலான காலமும் தேவைப்படுவதால், பள்ளியில் தொடர்வதா விடுவதா என்ற இறுதி முடிவுக்கு நாள் குறிக்க வேண்டியது சிகிச்சையின் போக்கைப் பார்த்தே. அதுவரை பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படாமல் இருக்கும்படி தலைமை ஆசிரியரிடம் பேச வேண்டியது பெற்றோரின் பொறுப்பு.