நாவல் நிழலில் தனித்திருந்த குழந்தை



சாக்கிய நாட்டில் ஏர்மங்கலத் திருநாள். சுத்தோதனர் தாமும் ஏர் பிடிக்கச் சென்றனர். குழந்தை சித்தார்த்தரை நாவல் மரத்தின் குளிர்ந்த நிழலில் அமர்த்திக் காத்திருந்த செவிலியரும், விழாக் காணும் ஆவலால் அப்பாற் சென்றுவிட்டனர் என உரையாசிரியர் உரைப்பர். ஏவுவாரில்லை, கற்பிப்பாருமில்லை. அத்தனிமையில் அப்பிள்ளையின் உள்ளம் தானே அடங்கி முதல் தியானத்தை எய்தியது.

பின்னாளில், கடுந்தவத்தால் எலும்பும் தோலுமாய் நின்ற போதிசத்துவருக்கு வழி காட்டியது யாது? ஆசிரியர் எவரது மொழியுமன்று. அந்த நாவல் நிழலின் நினைவே ஆகும். மச்சிம நிகாயத்து மகாசச்சக சூத்திரத்தில் பகவன் தாமே இதனைக் கூறியருள்கின்றார். இக்கதையைப் பன்முறை கேட்டிருக்கிறோம். ஆயினும் செவிலியர் எழுந்து போனதை எவரும் எடுத்துப் பேசுவதில்லை. அவர்கள் கடமை தவறியவர்களே. எனினும் உலகம் அவர்களுக்குச் சிறிது கடன்பட்டுள்ளது என்போம்.

சீத்தா கேம்பில் நம் பிள்ளைகளுக்கு அந்நிழல் எங்கே? 1976ஆம் ஆண்டு, நெருக்கடி நிலையின்போது, அணு ஆராய்ச்சி நிலையத்தருகே இருந்த ஜனதா காலனியை இடித்து, அம்மக்களை இச்சதுப்பு நிலத்தில் கொணர்ந்து விட்டனர். (கோலார் தங்கவயலில் பிறந்து, அக்காலனிக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம் அவர்களை ஈண்டு நினைத்தல் தகும்.) குடும்பத்துக்கு 15 அடிக்கு 10 அடி மனை. அதன்மேல் மாடி எழுந்தது, குடிகள் பெருகின, சந்து இருண்டது. அந்த மனைக்குள் ஒரு பம்பரம் சுற்ற இடமேது?

இடம்தான் இல்லை, பொழுதாவது உண்டா? காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், இடையில் கைப்பேசி. மில் சங்கு ஊதினால் எழுந்து, ஊதினால் உண்டு, ஊதினால் வீடு திரும்பிய நாம், தனக்கென ஒரு நாழிகையில்லாத வாழ்வு உள்ளத்தை எவ்வாறு தேய்க்கும் என்பதை நன்கறிவோம். அச்சங்கை எட்டு வயதுப் பிள்ளையின் காதில் நாமே ஊதலாமா?

துறவை உரைத்த பகவன் விளையாட்டை இகழ்ந்தாரல்லர். மகாதண்ஹாசங்கய சூத்திரத்தில், வளரும் பிள்ளையின் ஆட்டங்களாகச் சிறு கலப்பை, கிட்டிப்புள், குட்டிக்கரணம், காற்றாடி, இலையாற் செய்த படி, சிறு தேர், சிறு வில் ஆகியவற்றை வரிசைப்படக் கூறுகின்றார். விலை கொடுத்து வாங்க வேண்டியது அவற்றுள் எத்தனை? ராதருக்குப் பற்றறுத்தலை விளக்கும்போதும், மணல் வீடு கட்டி விளையாடிப் பின் தாமே கலைத்துவிடும் சிறுவரையும் சிறுமியரையும் உவமை காட்டினார். சிறுமியரையும் என்பதைப் பெற்றோர் கவனிக்க. தம்பி வீதியில் ஓட, அக்காள் தண்ணீர்க்குடத்தோடு வரிசையில் நிற்பது தன்மமாகாது.

பெரியோர் சச்சரவு கேட்டு நடுங்கிய குழந்தைக்கு அதனைச் சொல்லத் தெரியாது. அது மரப்பாச்சியை மடியிலிட்டு அதட்டும், அடிக்கும், பிறகு தட்டி உறங்கவைக்கும். அப்பொழுது அதன் நெஞ்சிலிருந்த பாரம் சிறிது இறங்குகின்றது. குறுக்கே சென்று கேள்வி கேட்டுக் கெடுக்காதீர்கள், அப்பாலிருந்து பாருங்கள். பல நாள் விளையாடாமலும் உண்ணாமலும் இரவில் அலறி எழுந்தும் வாடுகின்ற பிள்ளையை மட்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தாயத்துக் கட்டுவோரிடமன்று.

சிங்காலருக்கு உரைத்த ஐந்து பெற்றோர் கடமைகளுள் தொழில் கற்பித்தலும் ஒன்றாயிற்றே, ஆடவிட்டால் படிப்புக் கெடாதோ எனச் சிலர் வினவுவர். வீணையின் நரம்பை மிக முறுக்கினாலும் இசை இல்லை, மிகத் தளர்த்தினாலும் இசை இல்லையெனச் சோணருக்குக் கூறியது பிள்ளைக்கும் பொருந்தும். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமையென ஐக்கிய நாடுகள் சபை 1989ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 31ஆம் பிரிவில் எழுதிற்று. 1992இல் இந்தியாவும் அதனை ஏற்றது.

கழியோரச் சேற்றிலும் அலையாத்திப் புதர்களிலும் பிள்ளைகளைத் தனியே விடலாகாது, அங்கே ஆபத்துண்டு. ஆகவே நாம் வேண்டுவது இது: பௌர்ணமி தோறும் பஞ்சசீலம் ஓதியபின் பிள்ளைகளை ஒரு மணி நேரம் வெளியே விடுவோம். போட்டி வேண்டா, பரிசு வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா. மோட்டார் வண்டிகள் நுழையாதபடி சந்தின் இருமுனையிலும் பெரியவர் இருவர் நாற்காலியிட்டு அமரட்டும். அவர்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.