மண்டை ஓடும் மனிதர் மதிப்பும்

கீழடிக்கு அடுத்த கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் கூடி முகம் வடித்து 2025-இல் வெளியிட்டனர். அப்படங்களைப் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவருக்குக் காட்டி, "இரண்டும் ஆண்கள்" என்றேன்.

"ஆணென்று எலும்பு சொல்லுமா, தம்பி?"

"சொல்லும், ஐயா."

சற்றுப் பொறுத்து, "அப்படியானால் சாதி?" என்றார். அவ்விரு கேள்விகளுக்கும் விடை கூறவே இதை எழுதுகிறேன்.

முதற் கேள்வியைப் பார்ப்போம். ஆணின் ஓட்டில் புருவ மேடு புடைத்திருக்கும், காதின் பின்னுள்ள எலும்பு முனை பருத்திருக்கும், பிடரியில் தசை பற்றிய தடம் கரடாயிருக்கும், மோவாய் சதுரமாயிருக்கும். பெண்ணின் ஓட்டில் நெற்றி நேராகவும், கண்குழியின் மேல்விளிம்பு கூராகவும் இருக்கும். முகத்தின் அகலம் முதலியவற்றைக் கருவியால் அளந்து கணக்கிடுவதும் உண்டு. ஆயினும், தேர்ந்தவரும் மண்டை ஓட்டை மட்டும் கொண்டு நூற்றுக்குத் தொண்ணூறு அளவில்தான் சரியாகச் சொல்வர். இடுப்பெலும்பு இதனினும் நம்பத்தக்கது. பருவமெய்தாப் பிள்ளையின் ஓட்டில் கூறுவது அரிது. ஐரோப்பியர் ஓடுகளில் வகுத்த அளவை, சிற்றெலும்புள்ள பிற மக்கள்மேல் வைத்தால் ஆணைப் பெண்ணென்று கூறவும் நேரும். ஆகவே நேர்மையான நிபுணர் "பெரும்பாலும் ஆண்" என்றே எழுதுவார். அவ்வளவே பெயரற்ற பிணத்துக்கு நியாயம் தேடப் பேருதவியாம்; காணாமற்போனோர் ஜாபிதாவில் ஏறக்குறையப் பாதியை அது விலக்கிவிடுகிறதன்றோ!

அளவுகோல் இவ்வாறு அடக்கமாயிருக்கும்வரை அது அறிவுக்குத் துணை. அதை ஏணியாக்கியபோதுதான் அக்கிரமம் புகுந்தது. பிரான்சில் பிரோகா என்ற வைத்தியர், பெண்ணின் மூளை சிறிதாயிருப்பதற்கு உடற் சிறுமையோடு அறிவுக் குறைவும் காரணமென்று 1861-இல் கருதினார். இந்தியாவின் 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து, சாதியின் மேன்மை கீழ்மையை அதிலே காணலாம் என்றார். இவர்கள் அளந்தது எலும்பை. படித்ததோ தத்தம் மனத்தில் முன்பே எழுதியிருந்ததை!

பெரியவரின் இரண்டாம் கேள்விக்கு விடை இதுதான்: சாதியைக் காட்டும் மேடோ குழியோ எந்த ஓட்டிலும் இல்லை.

"ஆண் பெண் பேதம் எலும்பிலேயே இருக்கிறதே, அதற்கென்ன சொல்லுகிறீர்?" என்று சிலர் கேட்கலாம். வேறுபாடு உண்டென்பது வேறு. அதனால் உயர்வு தாழ்வு உண்டென்பது வேறு. இம்மலாயாவில் 1920-களின் இறுதியில், தோட்டக் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று சில வட்டாரங்களில் வகுத்திருந்தனர். இருவர் வாளியிலும் நிறைந்தது ஒரே ரப்பர்ப் பால்தானே! அந்தப் பத்துக் காசு எந்த எலும்பில் இருந்தது?

நான் செம்பனைக் குலைகளை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. தராசு குலையின் எடையைச் சொல்லும். அறுத்தவரின் யோக்கியதையை ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னதாக நான் எழுதினால், பொய் தராசினுடையதன்று, என்னுடையது.

அன்பர்களே, அளப்பதை வெறுக்க வேண்டாம். அளந்தவர் எங்கே நிறுத்தினார் என்று மட்டும் பாருங்கள். எலும்பு பேசி முடித்தபின் அதன் பெயரால் மனிதன் பேசத் தொடங்குகிறான். அவனையே நாம் கேள்வி கேட்க வேண்டும்.

— ஒரு தோட்டத்துக் கிராணி, பெர்மாஸ் ஜெயா