காலம் காரணமாகுமா: மந்தமான கணினி ஒன்றை முன்வைத்து

காலம் புலன்களுக்கு எட்டாத பொருள் ஆதலால், அது உண்டு என்பதை எதைக் கொண்டு அறிவது என்ற வினாவுக்கு, கணாதர் இயற்றியதாகக் கருதப்படும் வைசேடிக சூத்திரம் சில அடையாளங்களைக் காட்டுகிறது. ஒன்று முந்தியது மற்றொன்று பிந்தியது என்னும் உணர்வும், இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்ந்தன என்னும் உணர்வும், ஒரு செயல் தாமதமாகவும் பிறிதொன்று விரைவாகவும் முடிந்தது என்னும் உணர்வும் காலத்தை அனுமானிப்பதற்குரிய குறிகள் என்பது அதன் கொள்கை. இவற்றுள் தாமதம் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. தாமதத்தைக் கண்டு காலம் உண்டு என்று துணிவதற்கும், தாமதத்துக்குக் காலமே காரணம் என்று சொல்லிவிடுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னது முறையான அனுமானம், பின்னது பெரும்பாலும் ஆராய்ச்சியை இடையில் நிறுத்திவிட்டதன் அறிகுறி.

இவ்விரண்டும் அன்றாடம் குழம்பிக் கிடக்கும் இடம் பழைய கணினி. 2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்தை, அதாவது கணினியின் உறுப்புகளையும் அதில் ஓடும் செயலிகளையும் இணைத்து ஆளும் அடிப்படை மென்பொருளை, இன்றும் தாங்கி நிற்கும் பென்டியம் 4 வகைக் கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தித் திரை வெளிச்சமான பின்னும் மணற்கடிகைக் குறி அசையாமல் நிற்கிறது. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் உள்ளே வன்தட்டு கரகரவென்று ஓடும் ஓசை கேட்கிறதேயன்றிக் கோப்பு வருவதாக இல்லை. பாட்டு போட்டால் விட்டுவிட்டு ஒலிக்கிறது. உடையவரைக் கேட்டாலும் பழுதுபார்ப்பவரைக் கேட்டாலும் கிடைக்கும் விடை ஒன்றே: பழசாகிவிட்டது. இந்த விடை உண்மையில் ஒரு காரணத்தைக் கூறுகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

நியாய, வைசேடிக நூலோர் காரணங்களைப் பொது, சிறப்பு என்று இரண்டாகப் பகுப்பர். எல்லா விளைவுகளுக்கும் ஒப்ப நிற்பவை பொதுக்காரணங்கள். இறைவன், காலம், திசை, முற்செயலின் காணப்படாத பயனாகிய அதிருட்டம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. குறித்த ஒரு விளைவைத் தருபவை சிறப்புக்காரணங்கள். காலத்தைப் பொதுக்காரணமாக ஒப்புக்கொண்டவர்கள் அதற்கு உயர்ந்த இடம் கொடுத்தார்கள் என்று தோன்றலாம். ஆனால் அவ்வாறு ஒப்புக்கொண்டதன் மூலமாகவே, தனிப்பட்ட எந்த வினாவுக்கும் அதனை விடையாகச் சொல்ல இயலாதபடி செய்துவிட்டார்கள் என்பதே உண்மை. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு கணினிகளுள் ஒன்று தளர்ந்தும் மற்றொன்று தளராமலும் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான காலம் அந்த வேறுபாட்டை விளக்காது.

இன்னும் நுட்பமான கருத்து ஒன்றும் அவர்களிடம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் இயற்றிய பாஷா பரிச்சேதம், விளைவுக்கு முன்னர் இருந்தும் அதற்குக் காரணமாகக் கொள்ளத்தகாதவற்றை ‘அந்யதாசித்தம்’ என்ற பெயரால் ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டுகிறது. குடம் உண்டாவதற்கு முன் குயவனின் தந்தை இருந்தாக வேண்டும். எனினும் அவர் குயவனுக்குக் காரணமே தவிரக் குடத்துக்குக் காரணம் ஆகார். மண் சுமந்து வந்த கழுதையின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கணினியின் வயது குயவனின் தந்தையைப் போன்றது. தூசி படிந்ததையும் வடம் தளர்ந்ததையும் விளக்க அது உதவலாம். மந்தத்தை விளக்க அந்தத் தூசியையும் வடத்தையும்தான் காட்ட வேண்டும்.

அவற்றைக் காட்டும் முறைக்குத் தருக்க நூலோர் அன்னுவயம், வெதிரேகம் என்று பெயரிட்டனர். ஒன்று இருக்கும்போது மற்றொன்றும் இருத்தல் அன்னுவயம். ஒன்றை நீக்கும்போது மற்றொன்றும் நீங்குதல் வெதிரேகம். கணினிப் பழுதுபார்ப்பில் திறமையுடையோர் அறிந்தோ அறியாமலோ கடைப்பிடிப்பது இதுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதன்பின் மந்தம் நீங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்று மாற்றங்களை ஒருசேரச் செய்தவர் கணினியைச் சரிசெய்திருக்கலாம், ஆயினும் காரணத்தை அறிந்தவர் ஆகமாட்டார். எடுத்துக்காட்டாக, கடைகளில் ரேம் என வழங்கும் நினைவகத்தைக் கூட்டிப் பார்ப்பது ஒரு வெதிரேகச் சோதனை. எக்ஸ்பி இயங்குவதற்கு 64 எம்பி நினைவகமே போதும் என்று அது வெளியானபோது வரையறுக்கப்பட்டிருந்தது. பின்னாளில் வந்த உலாவிகளும் நச்சுநிரல் தடுப்பிகளும் அதைப்போல் பல மடங்கு கேட்டன. இடம் போதாதபோது இயங்குதளம் தரவின் ஒரு பகுதியை வன்தட்டுக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது மீட்டெடுக்கிறது. நினைவகத்தை எட்டுவதற்கு ஆகும் நேரம் நானோ நொடிக் கணக்கிலும் வன்தட்டை எட்டுவதற்கு ஆகும் நேரம் மில்லி நொடிக் கணக்கிலும் இருப்பதால், இந்த இடமாற்றம் பல்லாயிரம் மடங்கு தாமதத்தைக் கொண்டுவருகிறது. மென்பொருள் கனப்பது வன்பொருள் விரைவதைவிட வேகமாக நடக்கிறது என்பதை நிக்லாஸ் விர்த் 1995ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

நினைவகத்தைக் கூட்டிய பிறகும் மந்தம் நீங்காத கணினிகளில்தான் தத்துவ நோக்கில் மிகச் சுவையான காரணம் ஒளிந்திருக்கிறது. வன்தட்டிலிருந்து நினைவகத்துக்குத் தரவு செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் தரவு மையச் செயலகத்தின் கையைத் தொடாமல் நேராகச் செல்லும். இதற்கு டிஎம்ஏ என்று பெயர். மற்றொன்றில் ஒவ்வொரு சிறு துண்டையும் மையச் செயலகமே எடுத்து வைக்க வேண்டும், இது பிஐஓ. முதல் வழியின் ஐந்தாம் நிலை நொடிக்கு 100 எம்பி வரையும், இரண்டாம் வழியின் உயர்நிலை நொடிக்கு 16.6 எம்பி வரையுமே அனுமதிக்கும். பின்னதில் செயலகம் வேறு வேலை பார்க்க முடியாமல் திணறுவதால் பாட்டும் அறுந்து ஒலிக்கும். இனி எக்ஸ்பியின் வழக்கம் யாதெனில், டிஎம்ஏ வழியில் ஆறு முறைக்கு மேல் பிழை நேர்ந்தால், அந்த வழி நம்பத்தகாதது என்று முடிவுகட்டிப் படிப்படியாகக் கீழிறங்கி இறுதியில் பிஐஓவுக்கு மாறிவிடும். பிழைக்குக் காரணம் சற்றே தளர்ந்த தட்டை வடமாக இருக்கலாம். உறக்கநிலையிலிருந்து கணினி விழித்தபோது வன்தட்டு சுழலத் தொடங்கச் சற்றுத் தாமதித்ததாகவும் இருக்கலாம். வடத்தைப் பிற்பாடு சரியாகச் செருகினாலும், கணினியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும், அந்த முடிவு மாறாது. டிவைஸ் மேனேஜர் என்னும் சாளரத்தில் வன்தட்டை இணைக்கும் முதன்மை ஐடிஇ தடத்தின் பண்புகளைத் திறந்து பார்த்தால், டிஎம்ஏ கிடைப்பின் அதையே கொள்க என்ற தேர்வு மேல்வரியில் அப்படியே இருக்க, நடப்பிலுள்ள முறை பிஐஓ என்று கீழ்வரி காட்டும். அந்தத் தடத்தையே பட்டியலிலிருந்து நீக்கி மறுபடியும் இயக்கினால், இயங்குதளம் அதனைப் புதிதாகக் கண்டறிந்ததாகக் கொண்டு பழைய வேகத்தைத் திருப்பித் தரும்.

செயல் முடிந்து மறைந்த பின்னும் அதன் பயன் நெடுநாள் கழித்து விளைவது எங்ஙனம் என்பது வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாஞ்சகர்களை வாட்டிய வினா. வேள்வி இன்று முடிந்துவிடுகிறது, துறக்கம் பின்னர்க் கிடைக்கிறது. இடையே இரண்டையும் இணைக்கும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்று கருதி, அவர்கள் ‘அபூர்வம்’ என்னும் காணப்படாத ஆற்றலை ஏற்றனர். மேற்சொன்ன கணினியில் வடத்தின் பழுது என்றோ நீங்கிவிட்டது, மந்தம் இன்றும் தொடர்கிறது. இடையில் நிற்கும் இணைப்போ இங்குக் காணப்படாததன்று, ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் எழுத்தாகவே கிடக்கிறது. ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுவது பொருந்தாது. வினைப்பயனை நுகரும் உயிர் கணினிக்கு இல்லை, நுகர்வதெல்லாம் அதன் முன் அமர்ந்திருப்பவரே. ஆயினும், கடந்தகாலம் நிகழ்காலத்தைப் பாதிக்க வேண்டுமானால் அது ஏதேனும் ஒரு பதிவாக நிகழ்காலத்திலேயே இருந்தாக வேண்டும் என்ற மீமாஞ்சகரின் உள்ளக்கிடக்கை சரியானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுவது அரிது. வயது என்று சொல்லப்பட்டது, தேடிப் பார்த்தபோது, அழிக்கக்கூடிய ஒரு வரியாக முடிந்தது.

உண்மையான தேய்வே இல்லை என்பது இதன் பொருளன்று. வெப்பம் கடத்தும் பசை உலர்ந்து, விசிறியின் அடியில் தூசி பஞ்சுபோல் அடைத்துக்கொண்டால், பென்டியம் 4 செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் துடிப்பை இடையிடையே நிறுத்தி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வன்தட்டின் சில பகுதிகள் கெட்டால், அவற்றைப் படிக்க அது மீண்டும் மீண்டும் முயலும். 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் தயாரான தாய்ப்பலகைகள் பலவற்றில் மின்தேக்கிகளின் தலை உப்பி வெடித்தது பரவலாக அறியப்பட்டது. இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறப்புக்காரணம் உடையவை.

வேறொரு வகை முதுமைதான் அதிகக் குழப்பம் விளைப்பது. எக்ஸ்பியில் ஓர் இணையதளத்தைத் திறக்க முயன்றால், பாதுகாப்பான தொடர்பு கிட்டவில்லை என்ற செய்தியோடு திரை நின்றுவிடுகிறது. நேற்றுவரை திறந்த தளம் இன்று திறப்பதில்லை. கணினிக்குள் ஓர் அணுவும் மாறவில்லை. மாறியது வெளியே. இணையத்தில் மறைகுறியாக்கத்துக்குப் பயன்படும் டிஎல்எஸ் என்னும் நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய பழைய பதிப்புகளை முன்னணி உலாவிகள் 2020ஆம் ஆண்டில் கைவிட்டன, தளங்களும் அவற்றை ஏற்க மறுத்தன. எக்ஸ்பியோடு வந்த நூலகமோ 1.0க்கு மேல் அறியாது. தளங்களின் உண்மையை உறுதிசெய்யப் பெரிதும் பயன்பட்ட வேர்ச்சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, புதிய சான்றிதழை அறியாத பழைய கருவிகள் பல ஒரே நாளில் முதுமையடைந்தன. ஒரு பொருள் தன்னளவில் மாறாதிருக்க, பிறிதொன்று மாறியதால் அதைப்பற்றிய கூற்று மாறுவதைப் பீட்டர் கீச் என்ற ஆங்கில மெய்யியலாளர் ‘கேம்பிரிட்ஜ் மாற்றம்’ என்று பெயரிட்டு உண்மை மாற்றத்திலிருந்து பிரித்தார். பிளேட்டோவின் தியடீட்டஸ் உரையாடலில் இதன் பழைய வடிவம் உள்ளது: இளைஞன் வளர்ந்ததால், சாக்ரடீஸ் குறுகாமலேயே அவனைவிடக் குள்ளமாகிறார்.

இதற்கு நேர்மாறான நிலையும் இதே கணினியில் நிகழ்வதுண்டு. தாய்ப்பலகையில் பட்டன் அளவில் பதிந்திருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்படும்போதெல்லாம் கணினி தன் நாளை மறந்து, தயாரிப்பாளர் வைத்த பழைய தேதிக்குத் திரும்பிவிடும். அப்போது அது இன்றைய சான்றிதழைப் பார்த்து, இது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று மறுக்கிறது. முறைப்படி நோக்கினால் அதன் தருக்கத்தில் பிழையில்லை; அளவை நூலோர் கூறும் காட்சியே பொய்த்துவிட்டது. பேட்டரி CR2032 என்ற எண் கொண்டது, மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது. கணினியைத் தூக்கி எறியத் துணிந்தவர்கள் அதை மாற்றிப் பார்க்காதது வியப்பு.

எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவும் ‘ஃபார்மட்’ வழியைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. அது பயன் தரும், சில வேளைகளில் அதுவே சிக்கனமும்கூட. ஆனால் எல்லாக் காரணங்களையும் ஒருசேர நீக்குவதால் எது காரணம் என்ற அறிவை மட்டும் தராது. அடுத்த ஆண்டு அதே மந்தம் திரும்பும்போது, பழசு என்ற பழைய விடையும் திரும்பிவரும்.

எஞ்சியிருப்பது காலவாதம். உலகின் தோற்றம், நிலைபேறு, ஒடுக்கம் ஆகியவற்றைச் செய்வது காலமே என்ற கொள்கை பழமையானது. சுவேதாசுவதர உபநிடதம் முதற்காரணமாகச் சொல்லப்படுபவற்றை எண்ணும்போது காலத்தையே முதலில் வைத்து, இயல்பு, நியதி, தற்செயல் முதலியவற்றைப் பின்னர் அடுக்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் இவ்வாதத்தை எடுத்துக்கொண்டு, காலம் அறிவில்லாத சடப்பொருள் ஆதலால் தானே ஒன்றைச் செய்யாது, அதனை இயக்குபவன் வேறு உளன் என்று மறுக்கிறது. சைவ சித்தாந்தம் காலத்தை மாயையிலிருந்து தோன்றும் தத்துவங்களுள் ஒன்றாக வைத்து, அதனைத் துணைக்காரணமாகவே கருதும். செய்பவனாகிய நிமித்த காரணத்தை வேறாகக் கொள்ளும். இறைவனைப் பற்றிய இந்த வாதத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் சமயம். ஆனால், காலம் செய்தது என்று சொல்லுமிடத்தில் செய்தவர் யார் என்று கேட்கும் அதன் ஒழுங்கு, சமயம் கடந்தும் செல்லத்தக்கது.

எக்ஸ்பி காலத்தால் காலாவதியானது என்பது பொதுவழக்கு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது; பழைய பதிப்புகளை என்றென்றும் காத்துக்கொண்டிருக்க எந்த நிறுவனத்தாலும் இயலாது என்பது நியாயமான காரணமே. எனினும் அது ஒரு முடிவு, அதை எடுத்தவர்கள் உண்டு. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோனதாகச் சொல்லப்பட்ட அதே எக்ஸ்பிக்கு அதே நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. கடைகளின் பில் போடும் இயந்திரங்களுக்கென எக்ஸ்பியின் அடித்தளத்தின் மீதே அமைக்கப்பட்ட பாஸ்ரெடி 2009 என்னும் பதிப்புக்கு, 2019 ஏப்ரல் 9 வரை திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.