கவுந்தியடிகளும் ஒரு கையெழுத்தும்

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்தவரை 108-இல் கொண்டுவந்து இறக்கினால் முதலில் கேட்பது, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" நாலரை மணி நேரம் தாண்டாமல், சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவும் இல்லாமல் இருந்தால் மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசி போடலாம். அந்த ஊசியாலேயே மூளைக்குள் ரத்தம் கசியலாம் என்பதையும் சொல்லித்தான் மகனிடமோ மனைவியிடமோ கையெழுத்து வாங்க வேண்டும்.

கசிந்து, அவர் இறந்தும் போனால் பாவம் யாருக்கு?

கசிவு நேர்வது இப்படித்தான்: ரத்தம் கிடைக்காத இடத்தில் குழாய்ச் சுவர் நைந்திருக்கும். அடைப்பு கரைந்து ரத்தம் திரும்பப் பாயும்போது அங்கே ஒழுகிவிடுகிறது. உறைந்து அடைபட முடியாதபடி மருந்தும் வேலை செய்துகொண்டிருக்கும். இந்த ஊசியைப் பற்றி 624 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1995-இல் வெளியானது. 36 மணி நேரத்துக்குள் நிலைமையை மோசமாக்கும் கசிவு, ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 0.6. ஆனால் மூன்று மாதத்தில் ஏறக்குறைய முழுதாகத் தேறியவர்கள், ஊசி போட்டவர்களில் 39 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 26. இறப்பும் கூடவில்லை.

பாவம் யாருக்கு என்ற கேள்வி மதுரைக்குப் புதிதல்ல. கீழக்குயில்குடி சமணர் மலையில் தங்கிய சமணத் துறவிகளின் மரபு இதற்குத் தெளிவாகவே பதில் வைத்திருக்கிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், அசட்டையால் உயிர் போக்குவதையே இம்சை என்கிறது. அப்படியானால் ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரித்து ஊசி போட்டவர் குற்றமற்றவர். எதையும் பார்க்காமல் போட்டவரோ, அசட்டையே இம்சை என்று அந்த மரபு கருதுவதால், நோயாளி நடந்தே வீடு போனாலும் குற்றவாளிதான். சட்டம்கூட இவ்வளவு கறாராகப் பேசாது.

ஆனால் சிலப்பதிகாரத்தின் கவுந்தியடிகளும் சமணர்தானே! கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துவந்து ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தவர், கோவலன் கொலையுண்டதைக் கேட்டு உண்ணாமல் உயிர் விட்டார். மாதரி தீயில் விழுந்தாள். இருவர் மேலும் பிழையில்லை. கொள்கை தெரியாமல் கவுந்தி நோன்பிருக்கவில்லை. தன் கை பட்ட காரியத்தில் வந்த துயரம் அது, தீர்ப்பு அல்ல. கையெழுத்துப் போட்ட மகனை வருஷக்கணக்கில் அரிப்பதும் அதுதான்.

பயந்துபோய் "ஊசி வேண்டாம்" என்ற குடும்பத்துக்கு அந்த அரிப்பு பெரும்பாலும் வருவதில்லை. கை கால் வராமல் கிடப்பவரை விதி என்று சொல்லிவிடலாம். மறுப்பதும் ஒரு முடிவுதான் என்பதை, பேனாவைக் கொடுக்கும்போதே மருத்துவர் சொல்லிவிடுவது நல்லது.